கடாரத்துக்காரன் தஞ்சாவூர் போன கதை

பினாங்கு
ஞாயிறு இரவு

மச்சான்,

நலம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? சின்னவளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்ததா? இங்கே எல்லாரும் சுகம். கிராணி மகன் மறுபடியும் கடை மாற்றிவிட்டான், இந்தத் தடவை ஆயர் ஈத்தாம் பக்கம், எத்தனை நாளைக்கு என்று உனக்கே தெரியும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் மின்னஞ்சல். கோப்பி கலக்கிக்கொண்டு உட்கார்ந்து படி.

தமிழ்நாடு போய் வந்தோம். உன் தங்கச்சிக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி, போவோம், ஆனால் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், நாகப்பட்டினம் மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் பேரம் பேசினேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், கும்பகோணத்தில் அறை, ஒரு வேன். நவக்கிரகத்தைப் பற்றி உனக்கு எழுத ஒன்றும் இல்லை. திங்களூரில் இறங்கு, கும்பிடு, ஏறு. ஆலங்குடியில் இறங்கு, கும்பிடு, ஏறு. ஒரு கோயிலில் காசு கட்டினால் சீக்கிரம் போகலாம் என்றார்கள், கட்டினோம், கட்டியவர்களின் வரிசைதான் நீளமாக இருந்தது. வாயைத் திறந்தால் “சிலோனா சார்?” என்று கேட்கிறார்கள். பினாங்கு என்று சொன்னால் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. நாகப்பட்டினம் பக்கம் போனதும் கதை மாறிவிட்டது, அங்கே டீக்கடைக்காரரின் பெரியப்பாவிலிருந்து எல்லாரும் பினாங்கில் இருந்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கோயிலை நீயும் நானும் படத்தில் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். 1010-இல் கட்டி முடித்தது, விமானம் இருநூறு அடிக்கு மேல், இதெல்லாம் நீ கல்யாண வீட்டில் மைக் இல்லாமலே முழங்குவாய். நேரில் போய் நின்றால் உயரத்தை விட என்னை அடித்துப் போட்டது எழுத்துதான் மச்சான். சுவரின் அடியில், தூணில், எங்கே குனிந்தாலும் எழுத்து. “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” எல்லாவற்றையும் கல்லில் வெட்டு என்று ராஜராஜன் சொல்லியிருக்கிறான், பார், பெண்டாட்டிகளுக்கு முன்னால் அக்காள் வருகிறாள். நானூறு ஆடல் பெண்களைக் கொண்டுவந்து குடிவைத்ததை ஒவ்வொருத்தி பேரோடும் வெட்டியிருக்கிறார்கள், எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நம் தோட்டத்தில் கிராணியார் ஆட்களின் பேரும் கூலியும் போட்டுச் செக்ரோல் எழுதுவாரே, அதேதான், கல்லில்.

இடையில் ஒரு வழிகாட்டி வந்து ஒட்டிக்கொண்டார். இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, அதுதான் சோழர் விஞ்ஞானம் என்றார். பிற்பகல் வெயில். கால் சுடுகிறது என்று நாங்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஒதுங்கி நின்றதே விமானத்தின் நிழலில்தான். உன் தங்கச்சி அண்ணாந்து பார்த்தாள், கீழே பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவர் மனம் நோகக் கூடாதாம்.

சாயங்காலம் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சுவரோரமாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பாராம். ஐயா, கடாரம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன், நம் கெடாவின் பழைய பேர்தானே அது. ராஜராஜன் மகன் ராஜேந்திரனின் கல்வெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விரலைக் கல்லில் படவிடாமல் ஓர் அங்குலம் தள்ளியே வைத்து வரி வரியாக நகர்த்தினார். அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் க, ட, அப்புறம் ஒன்று போலவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு, அப்புறம் ம. பூச்சு எண்ணெயும் தூசியும் ஏறிப்போன கல், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரிகிறது. “அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி” என்று அவர் சத்தமாகப் படித்தார். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று போய், கடைசியில் “தொடுகடற் காவல் கடுமுரட் கடாரமும்” என்று வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

“நீங்க எந்த ஊரு?” என்றார்.

“கடாரம்தான் ஐயா. மெர்போக் பக்கம் பிறந்தேன்.”

அவர் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. “அப்ப உங்க ஊர்க் கதவைத்தான் எங்க ராஜா கழட்டிக்கிட்டு வந்துட்டாரு!” அந்த வரியையும் காட்டினார். கடாரத்து அரசனைப் பிடித்து, அவன் நகர வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணமும், புனைமணிப் புதவமும், கனமணிக் கதவமும் கொண்டான் என்று கணக்கு எழுதியிருக்கிறது.

மச்சான், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் மைவி காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தப் புலிக்கொடிதான் கண் முன்னால் நின்றது. கடாரம் கொண்டான் என்று மேடையில் யாராவது சொன்னால் முதல் கைத்தட்டு உன்னுடையது, நானும் சேர்ந்து தட்டியிருக்கிறேன். ஆனால் நீ பிறந்தது எங்கே? ஜெராய் மலை அடிவாரத்தில், எனக்கு இரண்டு லயம் தள்ளி. 1025-இல் அந்தக் கப்பல்கள் கரை தட்டியபோது மலையைப் பார்த்துத்தான் திசை பிடித்திருப்பார்கள், நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்த அதே மலை. அடித்தது யார் என்பதில் இவ்வளவு பெருமைப்படுகிறோம், அடி வாங்கிய வீட்டுக்கு நாம்தானே வாரிசு? நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ரத்தம் என்பாய். உன் தாத்தாவும் என் தாத்தாவும் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்கள், தண்டெடுத்து வந்தவர்கள் இல்லை. ரஜூலா கப்பலின் தளத்தில் படுத்துக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு எந்தத் தோரணமும் கிடைக்கவில்லை.

பெருமை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கோயிலைப் பார்த்துப் பெருமைப்படாதவன் மனிதனே இல்லை. இரண்டு பக்கமும் நாம்தான் என்கிறபோது ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடி பிடிப்பது எனக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

தாராசுரத்தில் நேரமே இல்லை. யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்த சிற்பத்தைப் பார்த்தேன், தட்டினால் சுரம் எழுப்பும் படிக்கட்டைக் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அணைக்கரை வழியாகப் போனோம். வேன் ஓட்டுநர் கொள்ளிடத்தின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே, இந்தக் கீழணையில் அந்தக் கோயில் கல்தான் சார் இருக்கு என்றார். உண்மைதான். 1836-இல் அணை கட்டும்போது வெள்ளைக்காரன் கோயில் மதிலையும் மற்றதையும் பெயர்த்துக்கொண்டு போய்ப் போட்டான். கடாரத்துக் கதவைக் கொண்டுபோன ராஜாவின் மதில் ஆற்றில் கிடக்கிறது, அதன் மேல் நான் வேனில் போகிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தலைநகராக இருந்த ஊரில் இப்போது கோயில், சில வீடுகள், வயல். மாளிகைமேட்டில் அரண்மனை இருந்த இடத்தில் செங்கல் அடித்தளம் மட்டும். வடக்கு வாசலில் சிவன் சண்டேசருக்குப் பூமாலை சூட்டுகிற சிற்பம் இருக்கிறது. நீ போனால் அதன் முன்னால் கொஞ்சம் நில். மாலையை இழுத்துச் சுற்றுகிறாரே, அந்த விரல்கள், குழந்தைக்குத் தலைப்பாகை கட்டிவிடும் கவனத்தோடு இருக்கின்றன. சண்டேசர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. இவ்வளவு மென்மையாகச் செதுக்கச் சொன்னவனும், கப்பல் கட்டி அனுப்பியவனும் ஒரே ஆள்தான்.

கடைசியில் நாகப்பட்டினம். இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன், மற்றதெல்லாம் வாய்க்கொழுப்பு. ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாக இருந்த மாறவிஜயோத்துங்கவர்மன் தன் அப்பா பேரில் அங்கே ஒரு புத்த விகாரம் கட்டினான், சூளாமணிவர்ம விகாரம். சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்தான், 1006 வாக்கில். அதாவது நம் ஊர் ராஜா அங்கே போய்க் கோயில் கட்ட, அந்த ஊர் ராஜா நிலம் கொடுத்திருக்கிறான். அடுத்த இருபது வருடத்தில் மகன் ராஜேந்திரன் கப்பல் அனுப்பி அடித்தான், சீன வியாபாரத்துக்கான வழி யார் கையில் என்பதுதான் சண்டை என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். அடித்துவிட்டு இங்கே உட்காரவும் இல்லை. அப்புறம் 1090-இல் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் மறுபடி வந்து, விகாரத்துக்கு உரிய ஊர்களுக்கு வரி நீக்கம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் பந்தலில் அடித்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் பந்தியில் பக்கத்தில் உட்காருவார்களே. மேடையில் ஒருத்தனும் இதைச் சொல்வதில்லை.

அந்த விகாரம் இப்போது இல்லை. செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது, புதுவெளிக் கோபுரம் என்று சனங்கள் சொன்னார்கள், கப்பல்காரர்களுக்கு அடையாளம். 1867-இல் கல்லூரி கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள், அரசாங்கமும் சரி என்றது. ஆனைமங்கலச் செப்பேட்டை ஹாலந்துக்காரன் லைடனுக்குக் கொண்டுபோனான். அந்த மண்ணில் கிடைத்த புத்தர் வெண்கலங்களில் நிறைய எழும்பூர் அருங்காட்சியகத்தில். நான் கடற்கரையில் நின்று வேறு எதைப் பார்க்க? தாத்தா கப்பலேறிய துறைமுகம் எங்கே என்று விசாரித்தேன், ஒரு மீன்காரம்மா கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

அப்போதுதான் நம் ஊர்ப் பழங்கோயில், பதினொன்றாம் சண்டி, ஞாபகம் வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில், 2013-இல் வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தவர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று செய்தி வந்ததே. நாம் இரண்டு நாள் பேசினோம், அப்புறம் பந்தாட்டம் பேசினோம். ஆயிரம் வருடத்துக் கோயில், நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். நாகப்பட்டினத்துக்காரர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை எனக்கு.

திரும்பி வந்ததும் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். கண் ரொம்ப மங்கிவிட்டது மச்சான், போன தீபாவளிக்கு நீ பார்த்தபோது இருந்ததை விட மோசம். குரல் மட்டும் அதே குரல், இன்னும் உன்னைப் ‘பின்வரிசை’ என்றுதான் சொல்கிறார். கைப்பேசியில் அந்தக் கல்லெழுத்தைப் பெரிதாக்கிக் கண் பக்கத்தில் பிடித்தேன். முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார். அவர் படித்தாரா, நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாரா தெரியாது. அப்புறம் கேட்டார், “இது அவங்க எழுதுனது. நம்ம பக்கம் எழுதுனது எங்கடா?” நான் விழித்தேன். அவரே சொன்னார், மாநாவிகன் புத்தகுப்தன் கல்வெட்டு, நம் செபராங் பிறையில் கிடைத்தது, 1834-இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கண்டெடுத்தது, இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜேந்திரனுக்கு ஐந்நூறு வருடம் முந்தியது, ஒரு கப்பல் தலைவன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வெட்டிவைத்தது. போர் இல்லை, கதவு இல்லை. ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்லித்தந்தேன், நீங்கள் இரண்டு பேரும் ஓடையில் மீன் பிடிக்கப் போயிருந்தீர்கள் என்றார்.

அவருக்கு மெர்போக்குக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம். புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல்லைத் தொட வேண்டுமாம், 1960-இல் அதை எடுத்துக் கட்டியபோது சின்னப் பையனாக வேடிக்கை பார்த்தவர் அவர். காட்சியகத்திலிருந்து மேலே ஏறப் படி இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறாது, தூக்கத்தான் வேண்டும். கிராணி மகனுக்கு முதுகு ஆகாது. என்னால் ஒருவனாகத் தூக்க முடியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், வெயில் ஏறுவதற்குள் போய் வந்தால் சரி என்கிறார்.

ஆகவே நீ வருகிறாய். இ.டி.எஸ் ரயிலில் வந்தால் சுங்கைப்பட்டாணியில் இறங்கு, நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன். ராத்திரி இங்கே படுக்கை போடலாம், உன் தங்கச்சி ஏற்கெனவே மீன் சொல்லிவைத்துவிட்டாள். மழைக்காலத்தில் அந்தப் படி வழுக்கும், அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. தேதியை நீயே சொல், தள்ளிப்போடாதே.

உன் மச்சான்