மெரினா மணல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த 'காலநிலையைத் தாங்கும் கடற்கரைச் சுற்றுலா' கட்டுரையைப் படித்தேன். கோவளத்துக்கு நீலக் கொடி என்கிற சுத்தமான கடற்கரைச் சான்று, மெரினாவுக்கு மூங்கில் குடை, எல்லாம் சந்தோஷம். நடுவில் ஒரு வரி: "வடசென்னையில் கடலரிப்பு இயற்கையாகவே அதிகம் என்பதால் சுற்றுலாவுக்கு ஏற்றதல்ல." இயற்கையாகவே!

உங்களுக்குத் தெரியாததில்லை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகன்றது. துறைமுகத்துக்கு வடக்கே எங்கள் பக்கம் மணல் வரத்து நின்று, ராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. உங்கள் கட்டுரையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ரசித்து நடந்தாரே, அது எங்களுக்கு வரவேண்டிய மணல் ஐயா.

1981-இல் திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் மாமியார் கருவாடு உலர்த்திய மணலை என் பேரன் பார்த்ததில்லை. அவனுக்குக் கடற்கரை என்றால் கொட்டி வைத்த கருங்கல். கடல்மட்டம் உயர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 150 வருஷத்துக் கணக்கையும் அதன் தலையிலேயே எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், பாருங்கள்.

பயணிகள் துணிப்பை கொண்டுவர வேண்டுமாம். விமானத்தில் வந்து இறங்கினாலும் கையில் துணிப்பை இருந்தால் புண்ணியம்தான். 2016-இல் மனிதர் வெளியேற்றிய கரியமில வாயுவில் சுற்றுலாப் போக்குவரத்தின் பங்கே சுமார் 5 விழுக்காடு என்று ஐ.நா. சுற்றுலா அமைப்பு சொன்னது. அதற்குக் கட்டுரையில் இடமில்லை. பௌர்ணமிக்கு மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் தரிசிக்கப் பஸ்ஸில் நசுங்கி வருகிறவர்களுக்கும் இடமில்லை. அவர்கள் பக்தர்கள், சுற்றுலாப் பயணிகள் இல்லை போலும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. என் கொழுந்தனார் மகன் பிளாஸ்டிக் மக்கால் அதை அள்ளினான். தெற்கேயிருந்து அவ்வளவு பேர் கேமராவும் கையுமாக எங்கள் பக்கம் வந்தது அப்போதுதான். அதையும் சுற்றுலா வளர்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு கட்டுங்கள், மணலைத் திருப்பிக் கொட்டுங்கள் என்று உங்களிடம் கேட்க முடியாது. கட்டுரையோடு போட்ட 'சென்னைக் கடற்கரைகள்' படம் துறைமுகத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த தடவை படம் வரைகிறவரிடம் சொல்லி, கோட்டை எண்ணூர் வரைக்குமாவது இழுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருவொற்றியூர்