சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளின் படிப்புக்குச் சுற்றறிக்கை கோரி மனு

அனுப்புநர்:
ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
தாராவி, மும்பை – 400 017.

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்,
பிருஹன்மும்பை மாநகராட்சிக் கல்வித் துறை,
மும்பை.

வழி: தமிழ்ப் பள்ளிகளுக்கான பீட் ஆபீசர் (பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி) அவர்கள்.

பொருள்: நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள மாணவர்களுக்கு வருகைப் பதிவிலும் தேர்விலும் வகுப்பறையிலும் சலுகை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். நாலு வயதில் ஒருநாள் காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தான். சிறுநீரில் புரதம் போகிறது, நெஃப்ராட்டிக் என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கிவிடுமாம். இவனுக்கு அடங்கவில்லை. வருடத்துக்கு வருடம் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறி, இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒன்றரை வருடமாக செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ரயில், பஸ், பெட் கிடைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு என்னையே தானம் தருபவராக வைத்துப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன.

மருத்துவத்துக்கு உதவி கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. அவனுடைய கணக்கு நோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த நோட்டில் ஒரு வகுத்தல். 864ஐ 6ஆல் வகுக்க வேண்டும். எட்டில் ஆறு ஒரு தடவை என்று 1 போட்டிருக்கிறான், மீதி 2 என்றும் சரியாக எழுதியிருக்கிறான். அடுத்து 6ஐக் கீழே இறக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டான். எந்தப் படியில் நிற்கிறோம் என்பது மறந்துபோய், முதலிலிருந்து மறுபடி எட்டில் ஆறு என்று தொடங்கியிருக்கிறான். ஒரே கணக்கு மூன்று தடவை பாதியில் நிற்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் “கவனம் இல்லை. பெற்றோர் பார்க்கவும்” என்று எழுதி வந்தது. பார்த்தோம் ஐயா, ஏழு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அது ஒரு திங்கட்கிழமை நோட்டு. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை சாயங்காலம் அதே கணக்கை வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் நேரம் எடுத்தான். 144 என்று விடை போட்டுவிட்டு, “இதுதானா அன்னைக்கு வரலை?” என்று என்னையே கேட்டான்.

இதை நான் மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். வாரத்தில் இதுதான் நீண்ட இடைவெளி. திங்கட்கிழமைக்குள் யூரியாவும் மற்றக் கழிவும் ரத்தத்தில் ஏறி, உடம்பில் நீரும் கூடி, தலை பாரமாகி மந்தமாகிவிடுவான். டயாலிசிஸ் முடிந்த அன்று ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்குவான். புதனும் வெள்ளியும்தான் அவனுக்குத் தெளிவான நாள். இந்த நாள் கணக்கு பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் குற்றம் சொல்லவும் இல்லை. டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

கிட்னி நோய் மூளையைத் தொடுகிறது என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நர்சிங் படிக்கும் என் அக்கா மகள் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2018ல் வெளிவந்த ஒரு தொகுப்பு ஆய்வு இருக்கிறது. சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனையில் மற்றப் பிள்ளைகளைவிட சராசரியாக 10 புள்ளி அளவு குறைவாக வருகிறது என்கிறது அது. சராசரி என்பதை மறக்கக்கூடாது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. ஆனால் அடி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சொன்னதை மனசில் பிடித்து வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்வது, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, எதை முதலில் எதைப் பிறகு என்று திட்டமிடுவது. வகுத்தல் கணக்குக்கு இந்த மூன்றும் வேண்டும். கதை சொல்லச் சொன்னால் என் மகன் வீட்டையே சிரிக்க வைப்பான். டயாலிசிஸ் மெஷினில் எந்தக் குழாயில் ரத்தம் போகிறது, எதில் திரும்பி வருகிறது என்று படம் போட்டு எனக்கே விளக்குவான்.

காரணமும் ஒன்றல்ல. ரத்தத்தில் நிற்கும் கழிவு, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், கெட்டுப்போகும் தூக்கம், அத்தோடு தவறிப்போகும் பாடங்கள். நோய் எத்தனை சின்ன வயதில் தொடங்கி எத்தனை காலம் நீடிக்கிறதோ, பாதிப்பும் அத்தனை கூடும் என்றார் மருத்துவர். சிறுநீரகம் மாற்றிய பிறகு பல பிள்ளைகளுக்கு நிலைமை தேறுகிறதாம். அந்த நாள் வரும்வரை பிள்ளை படிப்பை விட்டுவிடக்கூடாது. அதுதான் எங்கள் கவலை.

இனி எங்கே சிக்கல் என்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் போன்ற ரத்த நோய்கள் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. அவை வந்தது நல்லது. சிறுநீரக நோய் அதில் இல்லை. சரி, கற்றல் குறைபாடு சான்றிதழாவது கிடைக்குமா என்று கேட்டுப் போனோம். நோயால் வரும் மந்தம் அந்த வரையறைக்குள் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். வாரத்தில் சில நாள் நன்றாகவும் சில நாள் மந்தமாகவும் இருக்கும் பிள்ளையை எந்தப் படிவத்தில் எழுதுவது? உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டு, ஊனம் என்றால் சலுகை உண்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவனுக்கு ஒரு கட்டமும் இல்லை.

வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஆறு நாள் பள்ளியில் என் மகன் மூன்று நாள் வருகிறான், அதிலும் சில நாள் பாதியிலேயே திரும்பிவிடுகிறான். மற்ற மூன்று நாளும் ஆப்சென்ட். 2019ல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மகாராஷ்டிராவிலும் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது. தேறாதவர்களுக்கு மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. இந்த வருடம் அந்தத் தேர்வுக்குத்தான் என் மகன் உட்காரப் போகிறான்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். தங்கள் அலுவலகத்திலிருந்து எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும். பிள்ளைகளுக்கான சிறுநீரக மருத்துவர் எழுதித் தரும் கடிதம் போதும், வேறு சான்றிதழ் தேவையில்லை என்று அதில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் நாளும் ஆஸ்பத்திரி நாளும் ஆப்சென்ட் கணக்கில் சேரக்கூடாது. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். கூடவே, தேர்வு நாள் மருத்துவர் குறிக்கும் தெளிவான நாளாக இருக்க வேண்டும். நேரம் கூட்டித் தந்துவிட்டுத் திங்கட்கிழமை கணக்குத் தேர்வு வைத்தால் என் மகனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீளமான கணக்கைப் படிப்படியாகப் பிரித்து எழுதிய ஒரு அட்டை மேசையில் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும். வீட்டில் பழைய காலண்டர் அட்டையில் நானே எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா அரசுத் திட்டத்தின் சிறப்பு ஆசிரியர் மாதம் இரண்டு தடவையாவது இந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனமாக எழுத வேண்டும். எல்லாக் கிட்னிப் பிள்ளைக்கும் ஒரே விதி போடக்கூடாது. என் மகனுடைய தண்ணீர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டிருக்கிறேன், மதியத்துக்குள் இரண்டாவது கோட்டைத் தாண்டக்கூடாது. கீழே கையெழுத்திட்டிருக்கும் இன்னொரு தாயின் மகனுக்குப் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு. அவனுக்கு டயாலிசிஸ் இல்லை. அவன் நிறையக் குடிக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும். “எப்பப் பார்த்தாலும் பாத்ரூம்” என்று வகுப்பில் பேர் வந்ததால் அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். கிட்னி இன்னும் கெட்டது. ஒருவனுக்கு மருந்தாவது இன்னொருவனுக்கு விஷம், அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் கடிதத்தில் உள்ளபடி நடக்க வேண்டும். மதிய உணவோடு வாழைப்பழம் கொடுத்தால் என் மகன் வேண்டாம் என்பான். அடம் என்று நினைத்து யாரும் ஊட்டிவிட வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே கெட்டுவிடும்.

சில கிட்னி நோய்களிலும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளாலும் காது கேட்பது குறையலாம். பள்ளியில் சுகாதாரப் பரிசோதனைக்கு வரும் குழு இந்தப் பிள்ளைகளின் காதையும் ஒரு தடவை பார்த்தால் நல்லது. முன் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு யாருடைய உத்தரவும் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன். தேவைப்படுகிறது போலிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்பே இந்தச் சுற்றறிக்கை பள்ளிக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து விளக்கச் சொன்னால் திங்கள், புதன், வெள்ளி எந்த நாளும் வருகிறேன். மற்ற நாட்களில் நான் எங்கே இருப்பேன் என்பது தங்களுக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்
(உடன் கையெழுத்திட்டவர்கள்: சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நால்வர்)

இடம்: தாராவி, மும்பை

இணைப்பு: மருத்துவர் கடிதத்தின் நகல், டயாலிசிஸ் அட்டையின் நகல், திங்கட்கிழமை நோட்டுப் பக்கம், புதன்கிழமைத் தாள், இந்த மனுவின் மராத்தி மொழிபெயர்ப்பு.