மான்கொம்புப் பிடி அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பழைய ரிவால்வர் வாங்கி அழகுபடுத்துவது பற்றி எழுதியிருந்தீர்கள், சரி, ஆனால் மான்கொம்புப் பிடி மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டீர்களே! ரூகர் நிறுவனத்தின் 1973க்கு முந்தைய பிளாக்ஹாக், சிங்கிள் சிக்ஸ் ரக ரிவால்வர்களில் ஆறு தோட்டாவும் போட்டிருந்தால், கீழே விழுந்து சுத்தியலில் (தோட்டாவை வெடிக்கவைக்கப் பின்பக்கம் இருக்கும் பாகம்) அடிபட்டாலே வெடிக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தே போட்டு, சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள். ரூகருக்கே அனுப்பினால் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பழசையும் திருப்பித் தருகிறார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் கேட்பார்கள். கடையில் வாங்கும்போது, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுத்தியலை முழுதாக இழுத்து, தோட்டா அறைகள் உள்ள உருளையை விரலால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சுடும் விசை லேசாக வேண்டுமென்று ஸ்பிரிங்கை வீட்டிலேயே வெட்டியிருந்தால், பேரமே பேசாதீர்கள்.

ஒரு வாசகர், டெக்சாஸ்