டெபாசிட் போனது உண்மைதான், மக்களே

அன்புப் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்பா சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மை பக்கத்தில் இருந்தாள், உனக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுப்பேன். நைட் டியூட்டி இல்லாத நாளில் படி.

"அறுபத்தேழு வயசில், சுகர் மாத்திரையும் போட்டுக்கிட்டு, பேர் தெரியாத கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்து அலையணுமா அப்பா?" என்று கேட்டாய். பயந்துபோய்தான் கேட்டாய் என்று தெரியும். குவாரிப் பக்கம் டாரஸ் என்கிற பெரிய லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றபோது எங்களை மறித்த கதையைத் தம்பி சொல்லியிருப்பான். மறித்தார்கள், சத்தம் போட்டார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

தேர்தல் விஷயமும் கேட்டாய். 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கும் சேர்த்து நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு ஓட்டு. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சொந்தமாகச் சின்னம் கிடையாது. வாபஸ் நாள் முடிந்தபிறகுதான் சின்னம் கைக்கு வரும். அப்புறம் இருந்தது இரண்டே வாரம். அதற்குள் நோட்டீஸ் அடித்து எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டின பத்தாயிரம் டெபாசிட் திரும்ப வரும். எங்களுக்கு விழுந்தது முந்நூற்றுச் சொச்சம். எண்ணி முடித்த அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

ஜெர்மனியில் நீ இருக்கிற ஸ்டுட்கார்ட் மாநிலத்தில், சுற்றுச்சூழலுக்காகப் பேசுகிற பசுமைக் கட்சிக்காரரே முதல்வராக இருந்தார் என்று சொன்னாய். அப்பாவும் படித்தேன். 1980இல் தொடங்கின கட்சி, 1983இல் 5.6 சதவீத ஓட்டோடு நாடாளுமன்றத்துக்குள் போனது. பூந்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒரு தொகுதியில்கூட அவர்கள் முதலாவதாக வரவில்லை, தெரியுமா? வாங்கின ஓட்டு வீதத்துக்குத் தக்க இடம் கொடுக்கிற முறை அங்கே. அதனால் நுழைந்தார்கள். 1990இல் மேற்கு ஜெர்மனிப் பக்கம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் வெளியே போனார்கள், அப்புறம் திரும்பி வந்தார்கள். நீ சொன்ன அந்த கிரெட்ச்மன் முதல்வரானது 2011இல். நம் நாட்டில் அதே 5.6 சதவீதத்தை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து வார்டுகூட ஜெயிக்க முடியாது. முறை அப்படி. அதனால் ஓட்டை மட்டும் வைத்து எங்களை அளக்காதே.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று காட்ட ஒரு குளத்து விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, மேலே இருக்கிற குளம் உனக்குத் தெரியும், தாமரை பறிக்கப் போய் சேற்றில் செருப்பைத் தொலைத்தாயே, அதுதான். மாவட்டத்தில் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் இருக்கின்றன. ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்தால் கால்வாய் வழியாக ஒரு குளம் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். நடுவில் ஒன்றை மூடினால் கீழே இருக்கிற வயலுக்குக் கன்னிப்பூ நெல்லும் இல்லை, கும்பப்பூ நெல்லும் இல்லை. நம் குளத்தின் வடக்குக் கரையில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஆண்டுக்குப் பத்தடியாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் குளத்தின் எல்லை காட்டுகிற புலப்படம் கேட்டோம். முப்பது நாளில் வந்த பதிலில் ஒன்றுமில்லை. மேல்முறையீடு போட்ட பிறகு நகல் வந்தது. நாங்கள் மூன்று பேர் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், இன்னொருவர் கடியபட்டணத்தில் மீன் விற்கிற அக்கா. கோரைப்புல்லுக்கும் உடைந்த கூரை ஓட்டுக்கும் நடுவே அப்பா கையாலேயே தோண்டினேன். முழங்கை ஆழத்தில் சர்வே எல்லைக்கல் தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்தால், தலையில் கீறின அம்புக்குறி அப்படியே இருக்கிறது. அங்கிருந்து நாற்பதடிக்கு உள்ளே வரை இடிபாடு. நாலு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றோம். ஐந்தாவது வாரம் ஜேசிபி வந்தது. இந்த கும்பப்பூவுக்கு அந்தக் குளத்து மடையிலிருந்துதான் தண்ணீர் பாய்கிறது.

மக்களே, முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக அப்பா அந்தக் கல்களை அளந்தேன். ஒருமுறை ஒரு ரோட்டுக்காக அளந்தபோது, கோடு ஒரு குளத்தின் பாதியைத் தின்கிறது என்று படத்திலேயே தெரிந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன், உன் நர்சிங் ஃபீஸும் அதில்தான் போயிற்று. அந்தக் குளம் இப்போது இல்லை. அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருப்பேன். பெரிய கட்சிகளுக்கு நான் ஒரு ஓட்டு. எங்கள் கட்சியில் இருக்கிற இந்தப் பதினோரு பேருக்கு மட்டும்தான் நான் படித்த தொழில் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கிற திட்டம் வந்தபோது, கடலோரத்துக்காரர்களோடு வயலோரத்துக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தோம். நம் மாவட்டத்தில் கோயிலும் சர்ச்சும் பிரித்து வைத்திருக்கிற ஆட்கள் ஒன்றாக உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சின்னக் கட்சியின் பெஞ்ச் அது.

அம்மை இன்னும் திட்டுகிறாள்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி ஊற்றிவைப்பதும் அவள்தான். அடுத்து கீழே இருக்கிற குளத்தை அளக்கப் போகிறோம். டிசம்பரில் வரும்போது ஐம்பது மீட்டர் டேப் நல்லதாக ஒன்று வாங்கி வா. இங்கே வாங்கினதில் இருபதுக்கு மேலே எண்ணெல்லாம் அழிந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா