ஆடிக்காற்றில் ஏரோபார்

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. 'ஏரோபார் மாட்டப்போகிறாயா, இல்லையா?' என்று கேட்டிருந்தாய். முழங்கையைப் பேடில் ஊன்றி, கையை முன்னால் நீட்டிப் பிடிக்க ஹேண்டில்பாரில் மாட்டும் கம்பி ஜோடியைப் பற்றி, ஓட்டிப் பார்க்காமல் என்ன எழுதுவது? இங்கே ஒரு தம்பியிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு ஞாயிறு ஓட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. வியாழக்கிழமை வடசேரி சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டுவலி குறைந்திருக்கிறது. மட்டிப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். "அவன் சைக்கிள் ஓட்டி மெலிஞ்சு போயிருப்பான்" என்று ஒரே கவலை. போன் பண்ணும்போது நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று நீயாகவே சொல்லிவிடு.

சரி, ஏரோபார். என் ஹேண்டில்பார் அலுமினியம், அதனால் ஏரோபாரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. உன்னுடையது கார்பன் என்றால் முதலில் விசாரித்துக்கொள். எல்லா கார்பன் பாரும் அந்த இறுக்கத்தைத் தாங்காது.

முதல் ஞாயிறு விடியுமுன் கிளம்பினேன். தோவாளையில் பூ வண்டிகள் போய்வரும் நேரம், அங்கே கை பிரேக்கில்தான் இருந்தது. ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ள, முப்பந்தல் காற்றாடிகளைக் கடந்து காவல்கிணறு போய்ச் சேர்ந்ததே தெரியவில்லை. திரும்பும்போதுதான் விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ளிருந்து வந்த காற்று நேராக நெஞ்சில் அடித்தது. நிமிர்ந்து மிதித்தால் வேகமீட்டர் மணிக்கு 21 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. முழங்கைகளைப் பேடில் ஊன்றி, தோளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தினேன். அதே மிதிக்கு 24 வந்தது! சமதளத்தில் வேகம் கூடக்கூட நம் பலத்தில் பெரும்பகுதி காற்றை விலக்கத்தான் போகிறது, அதிலும் சைக்கிளைவிட நம் உடம்புதான் பெரிய தடை என்று படித்திருக்கிறோம். அன்றைக்குத்தான் அதை உடம்பால் உணர்ந்தேன். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்து, கடைசி நாளின் 24.5 கிலோமீட்டரில் ஏரோபாரோடு ஓட்டி, மொத்தத்தில் 8 வினாடியில் ஜெயித்த கதையைப் பள்ளிக்கூட நாளில் எத்தனை தடவை பேசியிருப்போம்!

இரண்டாவது ஞாயிறு காவல்கிணற்றிலிருந்து நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரிப் பக்கம் திரும்பினேன். அங்கே காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் வீசும். ஒரு லாரி வலப்பக்கம் முந்திப் போனது. காற்றை அது மறைத்த அந்த நொடியில் சைக்கிள் லாரிப் பக்கம் சாய்ந்தது. அது கடந்ததும் காற்று மொத்தமாக வந்து அறைய, முன்சக்கரம் ஓர் அடி இடப்பக்கம் போய்விட்டது. என் இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி இருக்கின்றன, பிரேக்கோ பழைய இடத்தில் கிடக்கிறது. முழங்கையைத் தூக்கி, கையை அகட்டி, லிவரைப் பிடிக்கும்வரை மூச்சே விடவில்லை மக்கா. இடப்பக்கம் மண்தான் இருந்தது, தப்பித்தேன்.

அதற்குப் பிறகும் வாங்குவதாகத்தான் முடிவு செய்திருக்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியில் சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர். முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், அவர் முதுகில் ஒளிந்து போக முடியாது. அவ்வளவு தூரமும் தனியாகவே காற்றோடு மோத வேண்டும். ஆனால் அரைமணி நேரத்தில் எனக்குக் கழுத்து இறுகிவிடுகிறது. சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதும் இடுப்புக்கு இதமாக இருந்தது, கழுத்துக்குப் பழக்கம்தான் மருந்து. இறங்கி 21 கிலோமீட்டர் ஓட வேறு வேண்டுமே. அதனால் பேடை உயரமாகவே வைத்துத் தொடங்குகிறேன். வாரநாளில் வீட்டில் சைக்கிளை நிறுத்திவைத்தே மிதிக்கும் டிரெய்னர் கருவி, ஞாயிறு விடிகாலை அந்தக் கணவாய்ச் சாலை மட்டும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் முழங்கையை ஊன்றுவதே இல்லை.

நீ இப்போது வாங்காதே. ஒரு கையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலே வண்டி ஆடுகிறது என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்த ஆட்டம் நிற்கட்டும். அதுவரை ஹேண்டில்பாரின் கீழே வளைந்த டிராப்பைப் பிடித்து, முழங்கையை மடக்கி ஓட்டிப் பழகு. அதிலேயே காற்று ஓரளவு உன்னை விட்டுவிடும்.

ஓணத்துக்கு வருகிறாய் அல்லவா? சைக்கிளையும் ரயிலில் போட்டுக் கொண்டுவா. அப்போதும் ஆரல்வாய்மொழியில் காற்று இருக்கும், சேர்ந்தே போகலாம். உன்னிடம் இருக்கும் என் ஆலன் கீ செட்டையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி