அந்த 18.2 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள சுந்தர்,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன்; அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஒரு பிராசஸருக்குத் துணையாக எதற்கு இத்தனை ஐசி (சில்லு) என்று உன் மகள் கேட்டது நியாயம்தான். அவள் பார்க்கும் மைக்ரோகன்ட்ரோலரில் எல்லாம் உள்ளேயே இருக்கிறதே. 1974-இல் வந்த இன்டெல் 8080 பிராசஸரை அவளுக்குச் சொல்லு. மூன்று வோல்டேஜ் கேட்கும். கிளாக் தர 8224, பஸ்ஸைக் கவனிக்க 8228. இவ்வளவு பரிவாரத்தோடுதான் ராஜா நகருவார்! அப்புறம் வந்த 8085 அந்த இரண்டு வேலைகளையும் தானே எடுத்துக்கொண்டது, 5 வோல்ட்டும் போதுமென்றது.

வெளிச் சாதனங்களோடு பேச உதவும் 8255-இல் சொல்ல அதிகமில்லை. மூன்று போர்ட், 24 லைன், எந்தப் போர்ட் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு கன்ட்ரோல் வேர்டு, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது 8253 டைமர். உள்ளே மூன்று 16-பிட் கவுன்ட்டர்கள். 1981-இன் ஐபிஎம் பிசியில் ஒன்று மணி பார்த்தது. இன்னொன்று மெமரியில் இருப்பது அழியாமல் புதுப்பிக்க (ரெஃப்ரெஷ்), பிராசஸர் இல்லாமலே மெமரியைத் தொடும் 8237 ஐசியை விடாமல் தட்டியது. மூன்றாவது ஸ்பீக்கரைக் கத்த வைத்தது.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில், மணி பார்த்த அந்தக் கவுன்ட்டர் வினாடிக்கு 18.2 டிக் என்று மனப்பாடம் செய்தோமே, ஏன் 20 இல்லை? போர்டில் இருந்த கிரிஸ்டல் 14.31818 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கலர் டிவியின் வண்ண சிக்னலைப் போல நான்கு மடங்கு. அதை 3-ஆல் வகுத்தால் அந்த பிசியின் பிராசஸரான 8088-க்கு 4.77. 12-ஆல் வகுத்தால் டைமருக்கு 1.193. 16-பிட் கவுன்ட்டர் முழுதாக 65536 எண்ணி முடிக்க 55 மில்லிசெகண்ட் ஆகும்; அதுதான் 18.2. டிவிக்காகப் பிறந்த எண் கடிகாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால் 8088 போய் 286, 386, 486 என்று பிராசஸர் மாறிக்கொண்டே போனது. டைமரின் முகவரி மட்டும் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 40-ஐ விட்டு அசையவில்லை. பழைய புரோகிராம்கள் அங்கேதான் போய்க் கதவைத் தட்டும் என்பதால், தனி ஐசி மறைந்த பிறகும், பல ஐசிகளின் வேலையைச் சேர்த்துச் செய்யும் சிப்செட்டுக்குள் அதே டைமரைப் பாவனை செய்து வைத்தார்கள். சாதனங்கள் பிராசஸரை இடைமறித்துக் கூப்பிடும் இன்டரப்ட்களைக் கவனிக்கும் 8259-க்கும் அதே கதைதான்.

இன்டரப்ட் பற்றி அவள் கேட்ட மற்றதை போனில் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால் நீளும். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிடச் சொல்லு.

அன்புடன்,
மூர்த்தி