செய்மதி வந்தாலும் நிலத்தை அளக்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் கூடுதலாக வந்திறங்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், விமானத்துக்கு வழிகாட்டுவது முழுவதையும் இனிச் செய்மதி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் கூடவே எழுகிறது. அதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லவே எழுதுகிறேன். நான் விமானி அல்லன். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கமெல்லாம் அளவைக் கருவியைத் தோளில் சுமந்து நடந்த நில அளவையாளன். இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

செய்மதியின் பெருமையை நான் குறைக்கவில்லை. பிதுருதலாகல உச்சியில் இருக்கும் ராடாரும் நேர்கோட்டில் தெரிவதை மட்டுமே காணும். தொலைவில் தாழப் பறக்கும் விமானத்தைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் தன் இருப்பிடத்தைச் செய்மதி மூலம் அறிந்து தானே ஒலிபரப்பும் விமானத்தை, 2019 முதல் நடுக்கடலின் மேலும் விண்ணிலிருந்தே பின்தொடர முடிகிறது. வங்காள விரிகுடாவைப் பார்த்து வாழும் நமக்கு இது பெரிய விடயம். தரையிறங்கும் பாதையையும் செய்மதியே காட்டுவதால், ஓடுபாதையோரம் விலையுயர்ந்த அன்டெனாக்களை நிறுத்திப் பராமரிக்கும் செலவு குறைகிறது.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த டிசி-8 விமானம், மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்துக்கு உண்மையில் இருந்ததைவிட அருகில் வந்துவிட்டதாக நினைத்து, மலைக்கு மேல் இருக்கும்போதே கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இன்றைய செய்மதி வழிகாட்டல் அன்று இருந்திருந்தால் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கீழே இருக்கும் மலையின் உயரத்தைச் செய்மதி விமானிக்குச் சொல்லாது. அதை யாரோ அளந்து, பிழையின்றிப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

என் அக்கறை அங்கேதான். செய்மதி வழியாக இறங்கும் பாதை என்பது, ஓடுபாதை முனையின் ஆள்கூறும் (இடத்தைக் குறிக்கும் எண்களும்) சுற்றியுள்ள தடைகளின் உயரமும் எழுதப்பட்ட ஒரு தரவுத் தொகுப்பு. கந்தவளை என்ற இடத்தை மூலப்புள்ளியாகக் கொண்ட நமது பழைய அளவை முறைக்கும், செய்மதிகள் பயன்படுத்தும் உலகப் பொது முறைக்கும் இடையில், ஒரே பனைமரத்தின் ஆள்கூறு நூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். ஓடுபாதையின் அகலமோ ஐம்பது மீற்றருக்குள்தான். உரிய மாற்றம் செய்யாத பழைய எண் ஒன்றே ஒன்று புகுந்தாலும் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

உயரம் இன்னும் சிக்கலானது. கடல்மட்டத்திலிருந்து நாம் சொல்லும் உயரம் வேறு. பூமியின் உருவமாகக் கணிதத்தால் வரைந்த நீள்கோளத்திலிருந்து செய்மதி கணிக்கும் உயரம் வேறு. உலகிலேயே ஆக ஆழமான ஈர்ப்புப் பள்ளம், அதாவது பூமியின் ஈர்ப்பு குறைந்து கடல்மட்டமே தாழ்ந்திருக்கும் இடம், இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் கிடக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 106 மீற்றர் கீழே. உப்புவெளிக் கடற்கரையில் நின்று, திருத்தம் செய்யாத செய்மதி உயரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய சய 90 மீற்றர் (-90) என்று காட்டும். இளம் அளவையாளர்கள் முதல்முறை இதைக் கண்டு திகைப்பார்கள். கருவியில் பழுதில்லை, நம் நாட்டின் இயல்பு அது. ஆகவே இந்தத் திருத்தத்தை அறிந்தவர்கள் சீனக்குடாவிலேயே நின்று அளக்க வேண்டும்.

ஒருமுறை அளந்தால் போதாது. பிரிமா மா ஆலை உயர்ந்து நிற்பதை எல்லோரும் அறிவர். அது கணக்கில் இருக்கும். எனக்குக் கவலை தருவது புதிதாக முளைக்கும் தொலைத்தொடர்புக் கோபுரம், ஆலைப் புகைபோக்கி, துறைமுகத்துப் பாரந்தூக்கி, யாரும் கவனிக்காமல் உயரும் மரங்கள். விமானிகளின் தகவல் ஏடு 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் தம்பலகாமத்தில் எழுந்த கோபுரத்தை யாரும் அறிவிக்காவிட்டால் அந்த ஏட்டில் அது எப்படி ஏறும்?

இன்னொன்று. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு அருகால் செல்கிறது. பொழுது சாய்ந்த பின் மேல்வளிமண்டலம் குழம்பி, செய்மதிச் சமிக்ஞை நடுங்கும் பிரதேசம் இது. போர் நடக்கும் நாடுகளைச் சுற்றி, பொய்ச் சமிக்ஞையால் விமானங்களின் வழிகாட்டி திசைதிருப்பப்படுவதும் நடக்கிறது. செய்மதி வந்துவிட்டது என்று நிலத்திலுள்ள வானொலி வழிகாட்டிகளைக் கழற்றிவிடக் கூடாது. அவற்றைக் கொண்டு விமானம் நடத்தும் பயிற்சியையும் கட்டுப்பாட்டாளர்களுக்கு நிறுத்திவிடக் கூடாது.

நான் கேட்பது எளிதானது. சீனக்குடாவைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்ற வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டுங்கள். கோபுரத்துக்கோ உயர்ந்த கட்டடத்துக்கோ அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், அதன் ஆள்கூற்றையும் உச்சி உயரத்தையும் நில அளவைத் திணைக்களத்துக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் அனுப்பட்டும். கட்டி முடிந்த பிறகல்ல, அத்திவாரம் போடுவதற்கு முன்பே.

ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.